ஒரு வருஷத்துக்கு வரும் தம்பியை என்ன செய்வது?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையின் செயலாளர் நான், ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் சேகரத்தில் ஏழு சபைகள், ஒரே குருவானவர். எங்கள் ஊருக்கு மாதம் இரண்டு ஞாயிறு வருவார். நூற்று நாற்பது குடும்பங்கள்; பாதிக்கு மேல் பீடி சுற்றித்தான் பிழைப்பு. வருகிற ஜூனில் இறையியல் கல்லூரி மாணவர் ஒருவரை ஒரு வருஷக் களப்பணிக்கு எங்களிடம் அனுப்புகிறார்கள். இதைப் பேசக் கமிட்டி கூடி, சண்டையில் முடிந்தது. வாரம் தவறாமல் பிரசங்கம் கொடுத்தால்தான் பழகுவார் என்கிறார்கள் சிலர். வாலிபர் சங்கத்தையும் பாட்டுக்குழுவையும் ஒப்படைத்தால் போதும் என்கிறார்கள் சிலர். ரேஷன் கார்டு, பென்ஷன் என்று மக்களுக்காக அலையட்டும் என்று ஒருவர் சொல்ல, "அதுக்கா குருப்பட்டம்?" என்று இன்னொருவர் எழுந்து போய்விட்டார். தங்குவதற்குக் குருமனை காலியாகத்தான் கிடக்கிறது. சாப்பாட்டுக்கு வீடுவீடாக முறை போடலாம் என்றிருக்கிறோம். கீழத்தெரு வீடுகளையும் அதில் சேர்ப்பதா என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரை எங்கே தங்கவைப்பது, எத்தனை பிரசங்கம் கொடுப்பது, மக்கள் வேலைக்கு அனுப்பலாமா, வருஷ முடிவில் கல்லூரிக்கு அறிக்கை எழுதுவது யார்? வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சார், ஸ்தோத்திரம்.

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது ஒன்றும் கடிதத்தில் இருக்கிறது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்களே அதை ஓரமாக வைத்துவிட்டீர்கள். நானும் கடைசியில்தான் அதற்கு வருவேன். ஆனால் விடமாட்டேன்.

கமிட்டியில் நடந்த சண்டையில் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போயிருக்கிறீர்கள். வருகிற தம்பி நமக்கு எதற்குப் பயன்படுவார் என்றுதான் ஆளாளுக்குப் பேசியிருக்கிறீர்கள். ஏழு சபைக்கு ஒரு குருவானவர் என்றால் அப்படித்தான் தோன்றும், குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரி அவரை உங்களுக்கு உதவியாளாக அனுப்பவில்லை, படிக்க அனுப்புகிறது. கிரேக்கம், எபிரெயம், சபைச் சரித்திரம், பிரசங்கம் செய்யும் முறை எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தாயிற்று. மீதிப் பாடத்துக்கு வாத்தியார் உங்கள் சபை. சபை என்றால் கமிட்டியில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் மட்டுமில்லை. காலையில் ஈர இலையை மடியில் போட்டு வெட்டிக்கொண்டிருக்கும் அக்காமார்களும் சேர்ந்ததுதான். இருபது வருஷத்துக்கு மேல் மாணவர்களின் களப்பணியைக் கவனித்துக்கொண்டவன் நான். சுமாரான பையன் நல்ல சபைக்குப் போய்த் தேறி வந்ததையும் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரன் ஒருவன் ஒரு வருஷம் மாப்பிள்ளை உபசாரம் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாமல் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குள் வைத்து ஊழியரைப் பழக்குவது புது ஏற்பாடு ஒன்றும் கிடையாது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, 1716-இலேயே உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். ஆனாலும் தமிழரில் முதல் சீர்திருத்தச் சபைக் குருவான ஆரோன், 1718-இல் ஞானஸ்நானம் பெற்றவர், குருப்பட்டம் பெற்றது 1733-இல். இடையில் பதினைந்து வருஷம். அதில் பெரும்பகுதி உபதேசியாராக மக்களுக்குள் நடந்த காலம். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் டோர்னக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். கிராம ஊழியர்களுக்கு அவர் நடத்திய பயிற்சியில் மனைவிமார்களும் வகுப்பில் உட்கார்ந்தார்கள். ஊழியரின் வீடும் ஊர் பார்க்கிற பிரசங்கம்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு கல்லூரிகள் வளர்ந்தன, பட்டங்கள் வந்தன, மதில்சுவரும் வந்தது. கிராமத்திலிருந்து போன பையன் நகரத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தால் ஊர் அவனுக்குச் சின்னதாகிவிடுகிறது. இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததில்லை. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்ற நாட்டில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் 1963-இல் கல்லூரியையே ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். நிலத்தையும் பிள்ளைகுட்டிகளையும் விட்டு வரமுடியாத சபைப் பெரியவர்கள் வீட்டிலிருந்தே பாடம் படிப்பார்கள், வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் அவர்கள் பக்கம் வந்து கூடுவார். அதே வழியில், வீட்டிலிருந்தே இறையியல் படிக்க உதவும் டாஃப்டீ என்ற அமைப்பு 1971-இல் பெங்களூரில் தொடங்கியது. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே பாடம் நடத்தியதோடு, மாணவர்களை ஒரு வருஷம் வளாகத்துக்கு வெளியே, ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் போய் வாழ்ந்து படிக்கவும் வைத்தது. உங்களிடம் வரப்போகிற தம்பி இந்த வரிசையில்தான் வருகிறார்.

இப்போது அவர் தங்குமிடம். குருமனை வேண்டாம் சார். அதற்கு ஒரு காம்பவுண்டு இருக்கும், கேட் இருக்கும். கேட்டைத் திறந்து வருகிறவர் ஏதாவது கேட்கத்தான் வருவார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருவார். தெருவுக்குள் ஒரு வீட்டு மாடியோ பக்கத்து அறையோ வாடகைக்குப் பிடியுங்கள். தண்ணீர் வருகிற நேரம் அவருக்குத் தெரியவேண்டும், குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு வருகிறவன் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான், எந்த வீட்டில் விளக்கு அணையவே இல்லை என்பதெல்லாம் குருமனைக்குள் கேட்காது. அதற்காக வறுமையை நடித்துக் காட்டச் சொல்லவில்லை. ஒரு ஃபேன், ஒரு மேஜை, ஒழுங்கான கழிப்பறை மூன்றும் இருக்கட்டும். வாடகையைக் கமிட்டி கொடுக்கட்டும்.

தம்பி தம்பி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறது. கல்லூரி ஒரு தங்கையை அனுப்பினால் முகம் மாறாதிருங்கள். வீட்டுக்கார அம்மா கூடவே இருக்கிற வீடாகப் பாருங்கள், மற்றதெல்லாம் அதே ஏற்பாடுதான்.

பிரசங்கத்துக்கு என் பதில் உங்கள் கமிட்டிக்குப் பிடிக்காது. முதல் எட்டு வாரம் கொடுக்கவே கூடாது. பாடம் வாசிக்கட்டும், ஜெபம் செய்யட்டும், பிரசங்கம் வேண்டாம். இப்போது கொடுத்தால் கல்லூரி நோட்டைத்தான் பிரசங்கிப்பார். நான் மாணவனாகப் போன சபையில் முதல் ஞாயிறே நாற்பது நிமிஷம் பேசினேன். ரோமர் நிருபத்தைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். வெளியே வந்தபோது ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பாடம் நல்லா ஒப்பிச்சீங்க" என்றார். பாராட்டுகிறார் என்றே ஒரு மாதம் நினைத்திருந்தேன்.

எட்டு வாரத்துக்குப் பிறகு மாதம் ஒன்று போதும். அதற்கும் ஒரு நிபந்தனை வையுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து, ஞாயிறு பாடத்தை அவரோடு வாசிக்கவேண்டும். அவர் விளக்கம் சொல்லக்கூடாது, கேட்கவேண்டும். இயேசு சொன்ன உவமையில், காணாமற்போன வெள்ளிக்காசை விளக்கேற்றித் தேடுகிற பெண்ணைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? வாரச் சம்பளத்தை முந்தானையில் முடிந்து வைக்கிறவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை அவர் எழுதுகிற பிரசங்கத்தில் அந்தத் திண்ணைப் பேச்சு ஒரு வரியாவது இல்லையென்றால் அடுத்த மாதம் கொடுக்காதீர்கள்.

வாலிபர் சங்கமும் பாட்டுக்குழுவும் இருக்கட்டும், தவறில்லை. ஆனால் கிட்டார் தெரிந்த மாணவர் என்றால் ஒரு வருஷம் முழுக்கக் கிட்டாரிலேயே போய்விடும். கவனம்.

அப்படியானால் தினமும் என்ன செய்வார்? இரண்டு வீடு போவார். திரும்பி வந்து ஒரு மணி நேரம் எழுதுவார். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்.

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்று ஒரு குருவானவர். மனநோய்க்காகத் தாமே மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். குணமான பிறகு, 1925-இல், மாசசூசெட்ஸில் வுஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துப்போய் நோயாளிகளோடு பழகவிட்டார். புத்தகத்தைப் படிப்பதுபோல மனிதரையும் ஊன்றிப் படிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதிலிருந்து வளர்ந்த பயிற்சி இன்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் நடக்கிறது. அந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பார்த்துவிட்டு வந்ததும், இருவரும் பேசியதை நாடகம்போல வரிக்கு வரி அப்படியே எழுதவேண்டும். சுருக்கம் எழுதக்கூடாது. "ஆறுதல் கூறி ஜெபித்தேன்" என்று எழுதினால் நான் சிவப்பு மையால் அடிப்பேன்.

ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றில் என் மாணவன் ஒருவன் அப்படித்தான் எழுதிவந்தான். கணவன் இறந்து மூன்று மாதமான ஒரு அக்காவைப் பார்த்தானாம், ஆறுதல் கூறினானாம், ஜெபித்தானாம். வரிக்கு வரி எழுதிக்கொண்டு வா என்றேன். எழுதிவந்தான். அவன் பேசியது இரண்டு பக்கம்: உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன், யோவான் பதினான்கு. அந்த அக்கா பேசியது இரண்டே வரி. "ஆமா ஐயா." "என்ன செய்ய, எல்லாம் தலையெழுத்து."

"வேற ஒண்ணுமே பேசலையா?" என்று கேட்டேன். "பேசினாங்க சார், அது சம்பந்தமில்லாதது" என்றான். அதையும் எழுது என்றேன். எழுதினான்: "அந்தக் கத்திரியத் தள்ளி வையுங்க, காலுல குத்திரும்."

பீடிக்கு இலை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மணி நேரம் இவன் பேசப் பேச கை நிற்கவில்லை. உங்கள் ஊரில் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: முதல் நாள் நனைத்துச் சாக்கில் பொதிந்த இலையை எடுத்து, அச்சுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலை மடித்து, மறுநாள் கடையில் ஆயிரம் எண்ணிப் போட்டால்தான் காசு. ஏன் அந்த அக்கா கையை நிறுத்தவில்லை என்று கேட்டேன். தெரியாது என்றான். மறுபடி போ, வேதபுத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொள், இலையைப் பற்றிக் கேள் என்றேன்.

போய்க் கேட்டிருக்கிறான். கடையில் கொடுத்த இலையில் பாதி ஓட்டை. ஆயிரத்துக்குக் காணாது. ஆனால் கடைக்காரர் ஆயிரம் கேட்பார். குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கித்தான் கணக்கை முடிக்கவேண்டும். "அவரு இருந்தா கடையில போய்ச் சத்தம் போடுவாரு. நல்ல இலையா மாத்திக் குடுத்துருவான். இப்ப நான் போனா 'இருக்கத வச்சுச் சுத்து'ங்கான்." இதைச் சொல்லும்போதுதான் அந்த அக்கா மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன் முன்னால் அழுதிருக்கிறார். கை அப்போதுதான் நின்றிருக்கிறது. இந்த முறை அவன் ஏழு பக்கம் எழுதிவந்தான். அதில் அவன் பேசியது அரைப் பக்கம்கூட இல்லை. அந்த நோட்டை அவனிடம் கேட்டு வாங்கி, பிறகு வந்த மாணவர்களுக்குப் பெயரை மறைத்து வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

உங்கள் தம்பியும் வாரம் ஒன்றாவது இப்படி எழுதட்டும். ஆட்களின் பெயர் எழுதக்கூடாது. நோட்டு பூட்டுக்குள் இருக்கவேண்டும். கல்லூரி ஆசிரியரும் உங்கள் குருவானவரும் தவிர யாரும் வாசிக்கக்கூடாது, செயலாளராகிய நீங்களும் கூடாது. யார் வீட்டுச் சங்கதி என்ன என்று அவரிடம் தோண்டாதீர்கள். "தம்பி, அந்த வீட்ல என்ன சொன்னாங்க?" என்ற ஒரு கேள்வி போதும், ஊரில் ஒரு கதவும் அவருக்குத் திறக்காது.

அடுத்தது ரேஷன் கார்டு. "அதுக்கா குருப்பட்டம்?" என்று எழுந்துபோனவர் சும்மா போயிருக்கமாட்டார், அவரிடம் வசனம் இருக்கும்: அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். தேவவசனத்தை விட்டுப் பந்திவிசாரணை செய்வது எங்களுக்குத் தகுதியல்ல என்று பன்னிருவரும் சொன்ன இடம். சரி, அவரை இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள். பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தேடும்போது அவர்கள் கேட்ட தகுதி என்ன? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்றார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் ஸ்தேவான். அடுத்த அதிகாரத்தில் வருகிற, அந்தப் புத்தகத்திலேயே மிக நீளமான பிரசங்கம் அவருடையது. இன்னொருவர் பிலிப்பு, சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோனவர். பந்தி விசாரிக்கப் போனவர்கள்தான் இப்படிப் பேசினார்கள். அந்த அதிகாரத்தை மூடிவிடாதீர்கள், கடைசியில் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

ஆகவே அனுப்பலாம். எப்படி அனுப்புவது என்பதில்தான் சூட்சுமம். ஊர்ப் பெண்களின் காகிதங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அலைகிற ஆளாக அவரை ஆக்கிவிட்டால், ஊருக்கு ஒரு இலவசப் புரோக்கர் கிடைப்பார், அவ்வளவுதான். அடுத்த ஜூனில் அவர் போனதும் காகிதம் அந்தரத்தில் நிற்கும். மனு கொடுக்கிற அக்காவோடு அவர் போகட்டும், அந்த அக்காவுக்குப் பதிலாகப் போகவேண்டாம். மனு அந்த அக்கா பெயரில், அந்த அக்கா கையால். இவர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். கவுண்டரில் எப்படிப் பேசுகிறார்கள், எத்தனை முறை நாளைக்கு வரச் சொல்கிறார்கள் என்பதை உடம்பால் படிக்கட்டும்.

பீடித் தொழிலாளருக்கு 1966-இல் ஒரு சட்டமும், 1976-இல் நலநிதிச் சட்டமும் வந்தன. அடையாள அட்டை உள்ளவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, இப்போது இணையம் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் எத்தனை பேர் இன்னொருவர் கணக்கில் சுற்றுகிறார்கள், அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பது அரசாங்கப் புத்தகத்தில் கிடையாது. தெருவில் உட்கார்ந்தால்தான் தெரியும். இதையெல்லாம் ஒரு குருவானவர் கரைத்துக் குடிக்கவேண்டியதில்லை. தொழிற்சங்கத்தில் யாரைக் கேட்பது, இ-சேவை மையத்தில் பொறுமையாகப் பதில் சொல்கிறவர் யார் என்று தெரிந்தால் போதும். தற்கொலை எண்ணத்தில் இருக்கிறவரைச் சந்தித்தால் தனியாக வைத்துச் சமாளிக்கக்கூடாது. ஜெபித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416. பக்கத்து அரசு மருத்துவமனை. வீட்டில் கூட இருக்க ஒரு ஆள். குழந்தைகள் விஷயம் என்றால் 1098, பெண்களுக்கு 181. முதல் நாளே அவர் நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதவையுங்கள்.

ஒரு எல்லை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். உதவிக்கு ஜெபம் விலையாகக் கூடாது. உங்கள் ஊரில் அம்மன் கோயில் தெரு இருக்கும், பாய்மார் வீடுகளும் இருக்கலாம். இ-சேவை மையத்துக்குக் கூட வரும்படி அந்த வீட்டுப் பாட்டி கேட்டால் போகவேண்டும், வேறு பேச்சில்லாமல் போகவேண்டும். உள்ளூருக்கு ஊழியம் என்றால் சபை ரிஜிஸ்டரில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

காணிக்கைப் பணம் அவர் கையில் போகவேண்டாம். அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கும் வேண்டாம். பிள்ளைகளோடு தனி அறையில் வகுப்பு கூடாது. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ராத்திரி வாட்ஸ்அப் செய்தியும் கூடாது. இதை அவரை நம்பாததால் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்ளாதபடி, எல்லாருக்கும் உள்ள விதி என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு, அன்று ஊரைவிட்டே போய் வரட்டும். அவருக்கும் அம்மா அப்பா உண்டு.

அறிக்கை யார் எழுதுவது? நீங்கள் ஒருவரே எழுதினால் அது சான்றிதழ் ஆகிவிடும். வாத்தியார் பழக்கத்தில் "நன்று, மிக நன்று" என்று போட்டுவிடுவீர்கள். மூன்று பேர் கொண்ட குழு வையுங்கள்: கமிட்டியில் ஒருவர், இருபது வயதுக்குள் ஒரு பையனோ பெண்ணோ, பீடி சுற்றும் அக்கா ஒருவர். மாதம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டால் போதும். இந்த மாதம் யார் வீட்டுக்குப் போகவில்லை, ஏன்? எங்கே அதிகம் பேசிவிட்டீர்கள்? எங்களிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத மாதம் தப்பு உங்களுடையதாகவும் இருக்கலாம். அவருக்குச் சொல்லிக்கொடுக்க நீங்கள் ஒன்றும் திறந்து காட்டவில்லை என்று அர்த்தம். துக்க வீட்டில் நடந்ததை, கந்துவட்டியை, அண்ணன் தம்பி பத்துவருஷமாகப் பேசாததை எல்லாம் மூடிவைத்து, ஸ்தோத்திரப் பண்டிகைப் பந்தலை மட்டும் காட்டி அனுப்புகிற சபைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஐந்தாவது. கீழத்தெரு.

சாப்பாட்டு முறையில் கீழத்தெருவைச் சேர்ப்பதா என்ற தயக்கம் எதனால் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. இருவருக்கும் தெரியும். அங்கிருந்து வருகிறவர்கள் உங்கள் சபையில் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் எந்த ஓரத்தில் புதைக்கப்படுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. இதே ஜில்லாவில்தான் வளர்ந்தேன்.

அவர்களுக்கு வெளியிலும் ஒரு பாரம் இருக்கிறது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆக, அந்தத் தெருப் பையன் சாதிச் சான்றிதழுக்கு நிற்கும்போது "நீ கிறிஸ்தவன், அதில் வரமாட்டாய்" என்கிறது அரசு. சபைக்கு வந்தால் "நீ கீழத்தெரு" என்கிறோம் நாம். உங்கள் மாணவர் நான்கு வருஷம் படித்த எந்தப் பாடத்தையும்விட இது அவருக்கு வேண்டிய பாடம். அதை அந்த வீட்டு அடுப்படியில் தவிர வேறெங்கும் படிக்கமுடியாது. மேலத்தெரு வீடுகளில் மட்டும் அவர் ஒரு வருஷம் சாப்பிட்டால், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே இந்தச் சபையில் குரு யாருடையவர் என்பது அவருக்கு விளங்கிவிடும். நாற்பது வருஷம் அதை மறக்கமாட்டார், போகிற சேகரங்களுக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போவார்.

அரசரடிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லாரும் கூப்பிட்டவர், 'ஒரு உலை' என்று ஒரு எண்ணத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாருக்கும் ஒரே உலை கொதிக்கவேண்டும், ஒரே பானையிலிருந்து சாப்பிடவேண்டும், திருவிருந்து என்றால் அதுதான் என்பார்.

இப்போது அந்த ஆறாம் அதிகாரத்தை மறுபடி திறங்கள். அங்கே சண்டை எதில் வந்தது? சோற்றில். கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்குத் தினசரிப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு. சபையார் அதை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர் என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை யார் பக்கம் இருந்ததோ அவர்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

எனவே சாப்பாட்டு முறைப் பட்டியலைக் கமிட்டி போடவேண்டாம். கீழத்தெருவில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிற இரண்டு அம்மாக்களைக் கூப்பிட்டு, நோட்டையும் பேனாவையும் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். எந்த வீட்டில் தொடங்குவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அவரைப் பார்த்துக்கொள்ளும் மூவர் குழுவில் வரும் பீடிக்கார அக்காவும் அந்தத் தெருவாகவே இருக்கட்டும். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருவர் சங்கக் காணிக்கையை நிறுத்துவேன் என்றும் சொல்லக்கூடும். அவர் வீட்டுக்கு நீங்களே போய்விட்டு வாருங்கள், மாணவரை அனுப்பாதீர்கள். அது அவர் சுமக்கவேண்டிய சண்டை இல்லை. குருவானவரிடம் ஜூனுக்கு முன்பே பேசிவிடுங்கள், அவர் ஆதரவில்லாமல் இதைச் செய்தால் நடுவில் மாட்டுவது அந்தப் பிள்ளைதான்.

இன்னொன்று. முறை கீழத்தெருவில் தொடங்கினால் அவருக்குத் துணையாக முதல் நாள் நீங்களும் போங்கள். வாசலில் நின்று விட்டுவிட்டு வரவேண்டாம், உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள் சார், உங்கள் வீட்டு முறை எந்தக் கிழமை விழுந்திருக்கிறது என்று பார்க்க ஆசை.